தனி வீடும் வேண்டாம், முதியோர் இல்லமும் வேண்டாம்... ஓடியாடும் பெரியவர்களுக்கான குடியிருப்பு சுந்தரபாண்டியம் மாதிரி ஊரில் எப்படி இருக்க வேண்டும்?

விருதுநகர் மாவட்டம் சுந்தரபாண்டியத்தை வெளியூர்க்காரர்களுக்கு அடையாளம் சொல்ல இப்போது ஒரு சுலபமான வழி இருக்கிறது. ரீல்ஸில் வைரலான கூமாபட்டிக்குப் பக்கத்து வட்டாரம் என்றால் போதும். அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அது கைத்தறி ஊர். ஒரு பக்கம் வத்திராயிருப்பு, மறுபக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர், மேற்கே மலை. நிர்வாக ரீதியில் பேரூராட்சி.

இந்த மாதிரி ஊர்த் தெருக்களில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். வீடு பெரிசு, ஆள் ரெண்டே பேர். சில வீடுகளில் ஒரே ஆள். பிள்ளைகள் ராஜபாளையம் மில்லைத் தாண்டி திருப்பூர், கோவை, சென்னை என்று போய்விட்டார்கள். இருப்பவர்களுக்கு 65, 70 வயது. ஆனால் படுத்த படுக்கை எல்லாம் இல்லை. காலையில் பால் ஊற்றுகிறார்கள், தோட்டத்துக்குப் போகிறார்கள், தறி வீடுகளில் பாட்டிமார் ராட்டையில் தார் சுற்றுகிறார்கள், பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வருகிறார்கள்.

சிக்கல் ஆளிடம் இல்லை, வீட்டில் இருக்கிறது. வாசலில் மூன்று உயரமான படி. கக்கூஸ் கொல்லைப்புறத்தில். ராத்திரி எழுந்தால் இருட்டில் முற்றம் தாண்டிப் போக வேண்டும். மாடி ஏறியே நாலு வருஷம் ஆகிறது.

இவர்களுக்கு இன்று இருக்கும் வழிகள் மூன்று. இப்படியே தனியாக இருப்பது, பிள்ளையோடு சென்னை ஃபிளாட்டுக்குப் போய் பகலெல்லாம் டிவி பார்ப்பது, இல்லையென்றால் முதியோர் இல்லம். நாலாவதாக ஒன்று உலகத்தின் பல ஊர்களில் வந்துவிட்டது, தமிழ்நாட்டிலும் வந்திருக்கிறது. நல்லா நடமாடும் வயதிலேயே, தனித்தனிக் கதவும் பொதுவான வாழ்க்கையுமாகப் பெரியவர்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பு. அது யாருக்குக் கிடைக்கிறது, எப்படிக் கட்டினால் உண்மையில் உதவும் என்பதுதான் விஷயம்.

எத்தனை பேருக்கான பிரச்சினை இது?

தேசிய புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட 'இந்தியாவில் முதியோர் 2021' அறிக்கைப்படி, நாட்டின் மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.1 சதவீதம். தமிழ்நாட்டில் அது 13.6 சதவீதம். கேரளாவுக்கு (16.5) அடுத்த இடம் நமக்குத்தான். 2031-ல் தமிழ்நாட்டில் இது 18.2 சதவீதமாகும் என்பது கணிப்பு. அதாவது ஐந்தரை பேரில் ஒருவர். இது மாநில சராசரி மட்டுமே. இளவட்டம் வெளியேறும் சின்ன ஊர்களில் தெருவைப் பார்த்தாலே கணக்கு புரியும்.

முதியோர் இல்லத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் 'என்னைக் கொண்டுபோய் ஹோம்ல விடப் போறியா?' என்ற சண்டை பல வீடுகளில் நடக்கிறது.

முதியோர் இல்லம் என்பது கவனித்துக்கொள்ள ஆள் இல்லாதவர்களுக்கானது. 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு, ஆதரவற்ற 150 பேர் தங்கும் வகையில் மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது அமைக்கலாம் என்று மாநில அரசுகளுக்குச் சொல்கிறது. ஓய்வுக்கால குடியிருப்பு வேறு. அதற்கென மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019 மார்ச்சில் தனி மாதிரி வழிகாட்டுதல்களையே வெளியிட்டது. அங்கே உங்கள் வீட்டுக்கு உங்கள் சாவி. சமைப்பதும் சமைக்காததும் உங்கள் இஷ்டம். பேரன் வந்து தங்கலாம்.

இதிலும் ஒரு படி மேலே போனது லண்டன் உதாரணம். வடக்கு லண்டனில் ஹை பார்னெட் பகுதியில் 'நியூ கிரவுண்ட்' என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. 50 வயதைக் கடந்த பெண்களுக்கு மட்டும். மொத்தம் 25 வீடுகள். பில்டர் கட்டி விற்றதல்ல, அந்தப் பெண்களே ஒரு குழுவாகச் சேர்ந்து, கட்டிடக் கலைஞர்களோடு உட்கார்ந்து திட்டமிட்டது. தோட்டம், பொது அறை, முடிவெடுப்பது எல்லாம் அவர்கள் கையில். ஒன்றும் சும்மா கிடைத்துவிடவில்லை. 1998-ல் பேச ஆரம்பித்தவர்கள் குடிபோனது 2016-ல், 18 வருஷம் கழித்து. இன்னொரு முக்கியமான தகவல்: 25-ல் 8 வீடுகள் சொந்தமாக வாங்க முடியாதவர்களுக்கு, குறைந்த வாடகையில்.

அந்த எட்டு வீட்டு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வருவோம்.

கோவையில் ஒன்று, கடலூரில் ஒன்று... நடுவில்?

இந்தியாவில் ஓய்வுக்கால குடியிருப்பு என்றாலே முதலில் வரும் பெயர்களில் ஒன்று கோவை. 2000-களில் கோவை பிராப்பர்ட்டி சென்டர் போன்ற நிறுவனங்கள் தொடங்கிய இந்த வியாபாரம், இன்று நகரத்தைச் சுற்றி நிறையக் குடியிருப்புகளாக நிற்கிறது. மிதமான வெயில், நல்ல ஆஸ்பத்திரிகள், வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து போக ஏர்போர்ட் என எல்லாமே கைகொடுத்தது. பொதுச் சாப்பாட்டுக் கூடம், வீடு சுத்தம் செய்ய ஆள், வளாகத்திலேயே நர்ஸ் என வசதிக்குக் குறைவில்லை. வாங்குபவர்கள் பெரும்பாலும் நல்ல பென்ஷன்காரர்கள், வெளிநாட்டில் பிள்ளை இருப்பவர்கள்.

மறுமுனையில் கடலூர் மாவட்டத்தின் தாமரைக்குளம் முதியோர் கிராமம். 2004 சுனாமிக்குப் பிறகு ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைப்பு உருவாக்கியது. ஆதரவற்ற பெரியவர்கள் சுமார் 100 பேருக்கு இடம். வழக்கமான இல்லம் மாதிரி ஒரே பெரிய ஹாலில் வரிசையாகக் கட்டில் போடாமல், 'கிராமம்' என்ற யோசனையில் கட்டப்பட்டது என்பதுதான் இதன் சிறப்பு. முடிந்தவர்கள் தோட்ட வேலை செய்கிறார்கள். காய்கறி போடுகிறார்கள். வந்து சேர்ந்தவரை 'பராமரிக்கப்படுபவர்' என்று ஓரமாக உட்கார வைக்காமல், ஊர்க்காரராக நடத்துகிறது அந்த அமைப்பு.

ஆக, வசதியானவருக்குக் கோவை, யாருமற்றவருக்குத் தாமரைக்குளம். சுந்தரபாண்டியத்தில் தறி ஓட்டிய ஒருவர் இந்த இரண்டிலும் வரமாட்டார். சொந்தமாக ஒரு பழைய வீடு, கொஞ்சம் நகை, பிள்ளை அனுப்பும் சில ஆயிரம், சிலருக்கு அரசு தரும் மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகை. கோவை வீட்டை வாங்கக் காசு பத்தாது, இலவச இல்லத்தில் சேர 'ஆதரவற்றவர்' என்ற தகுதியும் கிடையாது. தமிழ்நாட்டின் பெரும்பாலான பெரியவர்கள் நிற்கும் இடம் இதுதான். சந்தை இவர்களைக் கண்டுகொள்வதில்லை, திட்டங்களும் அதிகம் கண்டுகொள்வதில்லை.

எங்கே கட்டுவது? இதுதான் முதல் கேள்வி

டைல்ஸ், கைப்பிடி எல்லாம் அப்புறம். இடத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் மீதி எல்லாம் வீண்.

ஓய்வுக்கால குடியிருப்பு விளம்பரங்களைப் பார்த்தால், 'இயற்கையின் மடியில்' என்று ஊருக்கு வெளியே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு காம்பவுண்ட் இருக்கும். நிலம் மலிவு, அதுதான் காரணம். கார் ஓட்டும் 62 வயதுக்காரருக்கு அது சரி. அவருக்கே 75 ஆகி, கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு அந்த இடம் அழகான சிறையாகிவிடும்.

சுந்தரபாண்டியம் மாதிரி ஊரில், மலை தெரிகிறது என்பதற்காக மேற்கே தோட்டக்காட்டில் போய்க் கட்டக் கூடாது. பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, கோயில், டீக்கடை, மருந்துக்கடை எல்லாம் பத்து நிமிஷ நடையில் இருக்க வேண்டும். மெதுவாக நடக்கும் பெரியவருக்குப் பத்து நிமிஷம் என்றால் சுமார் 500 மீட்டர்தான். வழியில் உட்கார இரண்டு இடம், நிழலுக்கு வேப்பமரம் வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போகவும், ரயில் பிடிக்கவும் டவுன் பஸ்தான் ஆதாரம் என்பதால், பஸ் வராத தெருவில் கட்டினால் பெரியவர்கள் ஆட்டோக்காரரை நம்பியே வாழ வேண்டும்.

இன்னொன்று, சொந்த ஊர்க்காரர்கள். நாற்பது வருஷம் பழகிய டீக்கடைக்காரர், 'என்ன அண்ணாச்சி, ரெண்டு நாளா காணோம்?' என்று கேட்பார். ஒருவர் விழுந்து கிடந்தால் முதலில் தெரிவது இப்படிப்பட்ட ஆளுக்குத்தான். எமர்ஜென்சி பட்டனும் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அதை அழுத்தக் கை எட்ட வேண்டுமே.

வீட்டுக்குள் என்னென்ன?

அரசின் 2021-ம் ஆண்டு அணுகல் வசதி வழிகாட்டுதல்களில் அளவுகள் தெளிவாக இருக்கின்றன. கொத்தனாரிடம் சொல்லும் பாஷையில் சொன்னால் இப்படி வரும். கதவுத் திறப்பு 900 மில்லிமீட்டர், அதாவது மூன்று அடி. பாத்ரூம் கதவும் அதே அளவுதான். நம் ஊரில் பாத்ரூமுக்கு இரண்டரை அடிக் கதவு போடுவது பழக்கம், வாக்கரோடு நுழைய முடியாது. சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம். சாய்தளத்தின் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. வாசல் ஒரு அடி உயரம் என்றால் சாய்தளம் 12 அடி நீளம் வர வேண்டும். பல கட்டிடங்களில் பைக் ஏற்றப் போட்ட சரிவைக் காட்டி 'ரேம்ப் இருக்கு சார்' என்பார்கள். அதில் பெரியவர் ஏறினால் வழுக்கித்தான் விழுவார்.

நிலைப்படி வேண்டாம் என்று சொன்னால் வீட்டுப் பெரியவர்களே கோபப்படுவார்கள், மஞ்சள் பூச வேண்டுமே! தலைவாசலில் மட்டும் தரையோடு தரையாக ஒரு பலகையை வைத்துவிட்டு, உள் அறைகளில் படியே இல்லாமல் விடலாம். சாமிக்கும் குறையில்லை, முட்டிக்கும் குறையில்லை.

பாத்ரூம்தான் அதிகம் கவனம் கேட்கும் இடம். படுக்கையிலிருந்து அது ஐந்தாறு எட்டில் இருக்க வேண்டும். தண்ணீர் பட்டாலும் வழுக்காத சொரசொரப்பான டைல்ஸ். வெஸ்டர்ன் கோப்பை தரையிலிருந்து சுமார் ஒன்றரை அடி உயரத்தில், பக்கத்தில் சுவரோடு சேர்த்துப் பதித்த கைப்பிடிக் கம்பி. அந்தக் கம்பி ஒரு ஆளின் முழு எடையைத் தாங்க வேண்டும். டவல் போடும் கம்பியைப் பிடித்து எழப்போய் அது கையோடு வருவது நடக்காத கதை இல்லை. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை மறித்துக் கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது.

வெளிச்சம் பற்றி யாரும் பேசுவதில்லை. 20 வயதுக் கண்ணோடு ஒப்பிட்டால் 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் போய்ச் சேர்கிறது. 'கரண்ட் பில் ஏறும்' என்று ஜீரோ வாட்ஸ் பல்பில் நடமாடும் பெரியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும்.

வெயிலும் தண்ணீரும்

வயதானால் தாகம் சரியாகத் தெரியாது, வியர்வையும் குறையும். அதனால் வெப்பம் இளைஞர்களைவிட இவர்களைத்தான் முதலில் தாக்கும். ஏசி போடலாம், ஆனால் பில்லுக்குப் பயந்து போடாமலே இருப்பவர்கள்தான் அதிகம். எனவே வீடே குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பது இரண்டாவது காரணம்தான்.

வீட்டின் நீளப் பக்கம் வடக்கும் தெற்கும் பார்த்து இருந்தால், காலை மாலை வெயில் சுவரில் குறைவாக விழும். மேற்கே ஜன்னலைக் குறைத்து, ஸ்டோர் ரூமையோ மரத்தையோ வைக்கலாம். மொட்டைமாடியில் வெள்ளைப் பூச்சு. சுவருக்கு, கேரளாவில் லாரி பேக்கர் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு முறை பொருந்தும். செங்கலைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. செங்கல் கால் பங்கு மிச்சம், நடுவிலிருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். பழகிய கொத்தனார் வேண்டும், அது ஒன்றுதான் கஷ்டம்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. பெயருக்கு ஒரு குழாயை இறக்கிவிட்டால் பயனில்லை, கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 சதுர அடியில் 20 வீடுகள் என்றால் கூரை மட்டும் 10,000 சதுர அடி. வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதில் 80 சதவீதம் பிடித்தாலும் ஏறக்குறைய 6 லட்சம் லிட்டர். 30 பேர், ஆளுக்குத் தினம் 70 லிட்டர் செலவழித்தாலும் ஒன்பது மாதத் தேவைக்கு ஈடு. மழை முழுக்க ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டிவிடும் என்பதால் அத்தனையையும் தொட்டியில் பிடிக்க முடியாது. ஒரு பெரிய தொட்டி, மீதி கிணற்றுக்கு என்று பிரிப்பதுதான் நடைமுறை.

சோலாருக்கு மத்திய அரசின் 'சூரிய கர்' திட்டத்தில், குடியிருப்புச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. மோட்டார், தெருவிளக்கு, பொதுச் சமையலறைக்கு இதுவே போதும்.

திண்ணை, தறி, அடுப்படி

ஆளைப் பார்க்காமல் மூன்று நாள் இருந்துவிட முடியும் என்ற மாதிரி வீடு கட்டினால், தனி வீட்டுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. இதற்கு நம் ஊரிலேயே மருந்து இருந்தது, திண்ணை. எதிரெதிர் வரிசையில் வீடுகள், நடுவில் வண்டி வராத நடைபாதை, ஒவ்வொரு வாசலிலும் உட்காரும் உயரத்துக்கு ஒரு திண்ணை. அவ்வளவுதான். ஆனால் அதை ஏறும் உயரத்துக்குக் கட்டிவிடக் கூடாது.

'ஆக்டிவ்' பெரியவர் என்றதும் ஜிம்மும் நீச்சல் குளமும் காட்டுகிறார்கள் பில்டர்கள். இந்த ஊர்ப் பெரியவருக்கு ஆக்டிவ் என்றால் வேலை. தார் சுற்ற ஒரு பொதுக்கொட்டகை, இரண்டு தறி, காய்கறிப் பாத்தி, கட்டினால் இரண்டு மாடு. குழித்தறியில் கால் இறக்கி ஏறுவது 70 வயதில் சிரமம் என்பதால், தரைக்கு மேலே நிற்கும் தறியாகப் பார்த்துப் போட வேண்டும். கூலி சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை, கையில் சொந்தக் காசு புழங்கும்.

அடுத்தது பொது அடுப்படி. குடியிருப்பு ஓடுவதும் உடைவதும் இங்கேதான். பல ஓய்வுக்கால குடியிருப்புகளில் பொதுச் சாப்பாடு சைவம் மட்டும். சிலருக்கு அது நிம்மதி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிட்டே பழகியவருக்கு 'இது உனக்கான இடம் இல்லை' என்று சொல்லாமல் சொல்லும் பலகை அது. சின்ன ஊரில் இன்னும் பச்சையாகவே கேள்வி வரும்: யார் பக்கத்தில் யார் குடியிருப்பது, யார் சமைத்து யார் சாப்பிடுவது?

இதைத் தவிர்த்துவிட்டு டிசைன் மட்டும் பேசுவது கண்ணை மூடிக்கொள்வதுதான். தமிழ்நாட்டில் இதற்கு ஒரு முன்மாதிரியும் இருக்கிறது. 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்ட முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம். 100 வீடுகளில் 40 பட்டியலினத்தவருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. வீடுகள் கலந்து ஒதுக்கப்பட்டன, பொது சமுதாயக் கூடம் வைத்தார்கள். அரசு நிலத்தில் பெரியவர் குடியிருப்பு வந்தால், ஒதுக்கீட்டு விதியைக் கட்டுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். குடிவந்த பிறகு பேசினால் தெருவே இரண்டாகும்.

காசு யார் கொடுப்பது? வீடு யாருக்குச் சொந்தம்?

மூன்று முறைகள் புழக்கத்தில் உள்ளன. சொந்தமாக வாங்குவது, பெரிய தொகையை டெபாசிட் கட்டி வாழ்நாள் முழுக்க இருப்பது, மாத வாடகை. சுந்தரபாண்டியம் மாதிரி ஊருக்குப் பொருத்தமாகத் தெரிவது வாடகையும் கூட்டுறவும் கலந்த முறைதான். நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் பழகிய ஊருக்குப் பங்கு, பொதுக்குழு, தணிக்கை எல்லாம் புதிசில்லை. பேரூராட்சியோ அரசோ நிலம் கொடுத்து, சங்கம் நிர்வகித்து, லண்டனில் செய்த மாதிரி மூன்றில் ஒரு பங்கு வீடுகளைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கினால் உதவித்தொகைக்காரருக்கும் இடம் கிடைக்கும்.

மருத்துவத்துக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வயதானவர்களுக்கு ரேஷன் பொருள் வீடு தேடி வரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. இருபது வீடு ஒரே இடத்தில் இருந்தால் அந்த ஊழியர்களுக்கும் அலைச்சல் மிச்சம்.

தனியார் குடியிருப்பில் பணம் போடுவதாக இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது ரெரா பதிவு. அடுத்து ஒப்பந்தம். 2019 வழிகாட்டுதல்கள் பில்டர், சேவை நிறுவனம், வாங்குபவர் மூவரும் கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தத்தைப் பரிந்துரைக்கின்றன. கட்டியவர் ஒருவர், சாப்பாடும் நர்ஸும் தருபவர் இன்னொருவர் என்பதால், நாளை சேவை நின்றால் யாரைக் கேட்பது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இன்னும் சிலவற்றையும் வெட்கப்படாமல் கேட்டுவிட வேண்டும். மாதப் பராமரிப்புக் கட்டணம் வருஷத்துக்கு எவ்வளவு ஏறும்? தம்பதியில் ஒருவர் இறந்தால் மற்றவருக்கு அதே உரிமை உண்டா? ஞாபகமறதி நோய் வந்தால் வைத்துக்கொள்வார்களா, கூட்டிப் போகச் சொல்வார்களா? 'ஆக்டிவ் சீனியர்' என்று விற்கப்படும் இடங்களில் இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பதில் மழுப்பலாக வரும். யாரும் எப்போதும் ஆக்டிவாகவே இருக்கப் போவதில்லை. ஆகவே குடியிருப்புக்குள்ளேயே ஒன்றிரண்டு அறைகளை, உடம்புக்கு முடியாமல் போகிறவர்களுக்கும் இரவில் உதவிக்குத் தங்கும் ஆளுக்கும் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடுவது நல்லது.

பழைய வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வரலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சட்டத் தகவல். 2007 சட்டத்தின் 23-வது பிரிவுப்படி, 'என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் தீர்ப்பாயம் மூலம் ரத்து செய்யலாம். மனுவை வருவாய் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். பத்திரம் எழுதுபவர் 'அதெல்லாம் எதுக்குங்க, உங்க பிள்ளைதானே' என்பார். இருந்தாலும் எழுதச் சொல்லுங்கள்.